பதில் பாடவேளை

பௌதிகவியல் சேர் போய் எட்டு மாதம்.
நேரசூசியில் அவருடைய கட்டங்களைப்
பென்சிலால்தான் நிரப்புகிறேன்.
அழிறப்பர் தேய்ந்து கடலைப்பருப்பளவு.
புதன் மூன்றாம் பாடம் பஸ்மியா.
வெள்ளி ஐந்தாம் பாடம் நான்.
கணக்கு டீச்சர்தானே,
சமன்பாட்டைத் தீர்த்துக் காட்டுவேன்.
இது எதற்கு மிஸ் என்று யாராவது கேட்டால்
மணி அடிக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் பேர்மிங்ஹாம்.
ஐந்து பேர் அதை ஐந்து விதமாய்ச் சொல்கிறார்கள்.
கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும்
அங்கே ஆள் தட்டுப்பாடாம்.
விமலகாந்தன் சேர்
புள்ளிப் பதிவேட்டின் பின்னட்டையில்
பவுணை ரூபாயாகப் பெருக்குகிறார்,
வாடகை கழிக்கிறார், பஸ் காசு கழிக்கிறார்,
மனசு கேளாமல் மறுபடி பெருக்குகிறார்.
பத்துத் தட்டு நூலகமாம்.
ஹலால் கடை தெருவுக்குத் தெருவாம்.
பிள்ளைகளுக்கு டியூஷன் தேவையில்லையாம்
(இதை நம்பத்தான் எல்லோருக்கும் கஷ்டம்).

என் காரணத்தை நான் சொல்லவில்லை.

கல்முனைச் சந்தையில்
விளைமீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன்.
"டீச்சருக்கு நல்லதாப் பார்த்துக் குடு."
பக்கத்துக் கடையிலிருந்து இன்னொரு குரல்:
"என்ட மனுக்கு முப்பத்திரண்டுதானே போட்டீங்க."
விலை பேச வாயெடுத்தவள்
சொன்ன விலைக்கே வாங்கி வந்தேன்.

ஆதார வைத்தியசாலையில் ஸ்கேன்.
படுத்திருக்கிறேன்.
வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக்கொண்டே
அந்தப் பிள்ளை சொல்கிறது,
"வட்டத்தின்ட பரப்பளவு நீங்கதான் மிஸ் படிப்பிச்ச."
திரையில் ஒரு வட்டம்.
இரண்டு பேரும் அதை அளந்தோம்.

பாண்டிருப்பு போகும் பஸ்ஸில்
யாராவது எழும்பி எனக்கு இடம் தருவார்கள்.
இருக்க இடம்.
அழ இடமில்லை.

பத்து லட்சத்துக்கு மேல் சனமாம் அந்த ஊரில்.
அதில் ஒருவருக்கும்
நான் புள்ளி போட்டதில்லை.
இதுதான் என் காரணம்.
பஸ்ஸில் மேல்தட்டில் ஏறி
கடைசி இருக்கையில் காலை மடித்து
வடையோ வேறேதோ தின்றுகொண்டு
மூக்கைச் சிந்தலாம்.
ஒரு பெற்றோரும் பார்க்கமாட்டார்.

ஞாயிறு இரவு குகதாசன் சேர் அழைப்பில் வந்தார்.
அவருக்கு அங்கே பின்னேரம் நாலு மணி,
யன்னலில் அதற்குள் இருட்டு.
சம்பளம் சரியான நாளுக்கு வருகிறதாம்.
கொப்பி திருத்த இரவு பதினொன்றாகிறதாம்.
பெயரை வெட்டித் தாஸ் ஆக்கிவிட்டார்களாம்,
அது பரவாயில்லையாம்.
"நேற்றுச் சுப்பர்மார்க்கட்டில தக்காளி எடுக்கிறன்,
பின்னால 'சேர்' எண்டு ஒரு சத்தம்.
கிறுகிற்றன் டீச்சர்.
பார்த்தா, பொடியன் வேற ஆரையோ கூப்பிட்டவன்.
நான் கிறுகின கிறுகல்ல
ஒரு தக்காளி உருண்டு போயிற்று."
சிரிக்கத் தொடங்கினார்.
படம் உறைந்தது.
திறந்த வாயோடு கொஞ்ச நேரம் நின்றார்.
இணைப்பு அறுந்ததா
அவர்தான் அறுத்தாரா, தெரியாது.
நான் திரும்ப எடுக்கவில்லை.

இன்று திங்கள்.
விண்ணப்பம் பையில் இருக்கிறது,
சம்பளச் சிட்டைகளோடு, நாலாக மடித்தபடி.
வெளியே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்
யாரும் வராத பாடத்தில்
மேசையைத் தட்டித் தாளம் போடுகிறார்கள்.
நேரசூசியை விரித்து
என் கட்டங்களை முதன்முறையாக எண்ணினேன்.
இருபத்தொன்பது.
பென்சிலை எடுத்து ஒன்றில் மட்டும்,
அழுத்தாமல்,
பஸ்மியா என்று எழுதிப் பார்த்தேன்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது
அவளேதான்.
கோபிக்கவில்லை.
தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள்,
கொஞ்சம் தளும்பி வியாழக்கிழமை நனைந்தது.

"அப்ப என்ட கட்டத்துக்கெல்லாம்
ஆரப் போடப் போறீங்க டீச்சர்?"

அழிறப்பரை
இரண்டு பேரும் தேடவில்லை.