எடைமேடை உறுமல்

பகாவ் மில்லின் எடைமேடை அறையில்
பிரேமளா பொத்தானை அழுத்தினால்
அவள் குரலுக்கு முன்னே ஓர் உறுமல் போகும்.
"யாரு பின்னால கொறட்டை விடறது?" என்பான்
பதினாலாம் பிளாக்கிலிருந்து அருள்நாதன்,
லோரி நிறைய செம்பனைக் குலை, மேலே மழை.

புது செட்டுக்கு எழுதிய பாரம்
சிரம்பானில் யார் மேசையிலோ கிடக்கிறது.
பவர் சப்ளையின் மூடியைக் கழற்றினேன்.
சார்ஜ்மேன் என்றுதான் என் அட்டையில் அடித்திருக்கிறார்கள்;
பெண் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

பிளக்கைப் பிடுங்கியும் உடனே கை வைக்கவில்லை.
உள்ளே தேங்கி நிற்பதற்கு
கரண்ட் போன சேதி இன்னும் எட்டியிருக்காது.
ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே பிடித்து
மீட்டர் சுழிக்கு இறங்கும்வரை
பேசாமல் இருந்தேன்.

நான்கு கெப்பாசிட்டர்கள்.
ஒன்றின் காலடியில் பழுப்பாய் ஏதோ வழிந்திருந்தது.
அகப்பட்டான் என்று
அதை மட்டும் மாற்றி, மூடி போட்டு,
ஆறு திருகாணியும் முடுக்கி
ஓட்டிப் பார்த்தால்
உறுமல் அப்படியே.
வழிந்திருந்தது ஃபேக்டரியில் தடவிய பசை.

மறுநாள் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தேன்.
லோரி பேட்டரியில் ஒவ்வொன்றாய் நிரப்பி
டாஷ்போர்டு பல்பில் தொட வைத்தேன்.
முதலாவது ஒரு மூச்சு எரிந்து அணைந்தது.
அடுத்ததும்.
தலை வீங்காமல், நீலச் சட்டை கசங்காமல்
நெட்டுக்குத்தாய் நின்றிருந்தானே ஒருவன்,
அவனால் பல்பின் இழையைச் சிவக்க வைக்கக்கூட முடியவில்லை.

கடைத்தெருவில் பதினாறு வோல்ட்தான் இருந்தது.
"சாமா லா" என்றார் தவுக்கே.
எப்படி சாமா?
டயோடைத் தாண்டியதும் இருபத்திரண்டு வருகிறது;
வெடித்தால் பிரேமளாவின் முகத்துக்கு நேரே.
முப்பத்தைந்து வோல்ட், சிரம்பான் பஸ்ஸில்,
பிஸ்கட் பெட்டிக்குள் உருண்டபடி வந்தது.

மைனஸ் கோட்டை மூன்று தரம் பார்த்து ஈயம் வைத்தேன்.
புதுசு ஒரு விரல் உயரம் கூட.
மூடி உட்காரவில்லை, கேபிள் டையால் கட்டியாயிற்று.

பிரேமளா அழுத்தினாள்.
"பதினாலு, குலை எத்தன?"
பதில் இல்லை.
மறுபடி கேட்டாள். என்னைப் பார்த்தாள்.
நான் ஈயக்கோலைக் கையில் எடுத்தேன்.

வைப்பர் சத்தத்தோடு அருள்நாதன் வந்தான்:
"அட, நீங்கதானா?
உறுமல் வரலியே, செட்டு செத்துப்போச்சுன்னு
எறங்கி ஏரியலை ஆட்டிக்கிட்டு இருந்தேன்.
தொப்பலா நனைஞ்சாச்சு."