கணக்கு உதைக்கிறது

தோட்டப்பாளையம். கத்திரி வெயில்.
இம்தியாஸ் இரண்டு ஸ்விட்சை மேசைமேல் வைத்தார்.
ஒன்று நூற்றிருபது வாட், உள்ளே விசிறி உண்டு.
மற்றது அறுபத்தைந்துதான். மூச்சு விடாது.

பழைய பில்லின் முதுகில் எழுதிப் பார்த்தேன்:
நாலு கேமரா, தலைக்கு ஒன்பது,
மாடி வைஃபை பதினேழு,
பின்வாசலில் சுழல்வதற்குப் பதினெட்டு.
எழுபத்தொன்று.
ஆறு வாட் உதைக்கிறது.

"பெரிசே எடுத்துக்குங்க மேடம், நாளைக்கு ஆவும்."

நாளைக்குத்தான்
மாடி அறை ஹால்தாருக்குத் தையல் பிரிக்கிறார்கள்.
மால்டாவிலிருந்து வந்து நாற்பது நாள்.
ஸ்விட்ச் மாட்டப்போகும் சுவருக்கு
அந்தப் பக்கம் அவர் தலையணை.
நேற்றுத்தான் மூன்று மணிநேரம்
சேர்ந்தாற்போல் தூங்கினார்,
அவர் மனைவி கீழே இறங்கி வந்து சொன்னாள்,
ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

சின்னதையே கட்டச் சொன்னேன்.

பின்வாசலுக்கு
இப்போதைக்குத் திண்டுக்கல் பூட்டு.