சீனக்குடாவில் தீப்பெட்டிக்குத் தடை

சீனக்குடாக் கேற்றில்
நாளும் என் மனுசனைத் தடவிப் பார்ப்பார்கள்.
சட்டைப்பை, இடுப்பு, சாப்பாட்டுப் பார்சல்.
தீப்பெட்டி இருந்தால் வெளியே வைத்துவிட்டுத்தான் போகலாம்.
காட்டுக்குள் கிடக்கும் பழைய எண்ணெய்த் தாங்கிகளுக்கு
அவர் இரவுக் காவல்.
அவர் பார்க்கும் பக்கம் எல்லாம் வெறுந்தாங்கி,
வௌவால்தான் குடியிருக்கு என்பார்.
இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

தடவிப் பார்க்கும் பெடியனின் விரலில்
கொஞ்சம் வழுவழுப்பு ஒட்டும்.
காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
போங்கோ அண்ணை என்பான்.

பதினொரு வருசமாய்ச் செதில் உதிர்க்கிற உடம்பு.
முழங்கை, முதுகு, காதுக்குப் பின்னால்.
உப்புக்காற்று ஒத்துக்காது என்றார் ஒரு டொக்டர்.
உப்புக்காற்று இல்லாத வீட்டைத்
திருகோணமலையில் எங்கே வாடகைக்குப் பிடிப்பது?
கிளினிக்கில் எழுதித் தந்த வெள்ளைக் களிம்பை
விடியப் படுக்கமுன் ஒருதரம்,
வேலைக்குப் போகமுன் ஒருதரம்
நான்தான் பூசிவிடுவேன்.
மணமில்லை. எரிவில்லை.
மெழுகுக்கும் தண்ணிக்கும் பிறந்த பிள்ளைபோல
அப்படி ஒரு சாது.

சாரம் அதைக் குடித்தது.
தலையணை உறை குடித்தது.
மெத்தையில் அவர் படுக்கும் பக்கம் மட்டும்
ஒரு மனித உருவம் மங்கலாய் மினுங்கும்.
துவைத்தேன்.
நீலச் சவர்க்காரம் கட்டி கட்டியாய்க் கரைய,
பாலையூற்று வெயிலில் விறைக்க விறைக்கக் காயப்போட்டேன்.
மூக்கில் வைத்தால் வெயில் மணம் மட்டும்.
சுத்தம் என்று மடித்து வைத்தேன்.

ஐப்பசியில் ஒரு லீவு நாள்.
கரண்ட் இல்லை. மழை விட்ட கையோடு நுளம்பு.
கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி
குன்றிமணி அளவு சிவந்துகொண்டிருந்தது.
புரண்டு படுத்தார்.
சாரத்தின் ஓரம் வழிந்து அதைத் தொட்டது.

துணி எரிவதை முன்னரும் பார்த்திருக்கிறேன்.
கருகும், புகையும், கொஞ்சம் யோசிக்கும்,
தண்ணி அள்ள நேரம் தரும்.
இது யோசிக்கவில்லை.
ஐயோ என்று கத்தினார்,
ஐ கணுக்காலில், யோ தொடையில்.

போர்வையை எடுத்தேன், அதுவும் பிடித்தது.
பக்கத்து வீட்டு மில்ரோய்
நனைந்த சாக்கோடு ஓடி வந்ததால்
ஆள் மிச்சம்.

ஆசுபத்திரியில் பொலிஸ்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.
மண்ணெண்ணெயா?
இல்லை.
சண்டையா?
இல்லை.
இவ்வளவு கெதியாய் எப்படி அம்மா?
எனக்குத் தெரியவில்லை.
தெரியாது என்று சொல்கிறவளை அவர் பார்த்த பார்வையில்
என் கையை நானே மோந்து பார்த்தேன்.

நஸ்லியா மிஸ்தான் கேட்டா,
உடம்புக்கு என்ன பூசுறனீங்க?
டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
திருப்பி, சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்தா.
எறும்பு ஊர்ந்ததுபோல் இங்கிலீசு,
அதற்குப் பக்கத்தில் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாய்
ஒரு நெருப்புப் படம்.
டப்பாவுக்குள் இருந்தால் பயமில்லை அக்கா,
துணியில ஊறினால்தான்.
தோய்த்தாலும் முழுக்கப் போகாது.
களிம்பை விடாதீங்க, அவருக்கு அது வேணும்.
நெருப்பைத்தான் கிட்ட விடக்கூடாது.
பொலிஸ்காரருக்கும் அவாவே சொன்னா.

நுளம்புத்திரி என்று கடையில் கேட்டு வாங்கினேனே,
அது வெறும் நெருப்பு.
திரி கட்டிலில் படுத்திருந்தது.
பதினொரு வருசம், நாளைக்கு இரண்டுதரம்,
குறையாமல் வார்த்தது நான்.

விடிய நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.
சுடுதண்ணி போத்தலுக்குத் தண்ணி கொதிக்கவைக்க வேணும்.
காஸைத் திறக்கக் கை போனபோது
சட்டையின் கைவிளிம்பு கண்ணில் பட்டது.
பூசி முடித்ததும் ஒவ்வொரு நாளும்
விரலைத் துடைக்கும் இடம்.
விறைப்பாய், லேசாய் மினுங்கிக்கொண்டு.

மற்றக் கையில் லைற்றர்.
நிற்கிறேன்.
இந்தக் குசினி வாசலில் ஒருவரும் இல்லை,
என்னைத் தடவிப் பார்த்து
உள்ளே விட.