பதினொன்றுக்குப் பதில்

டாண்டெனோங், தொண்ணூற்று மூன்று, பிப்ரவரி.
தகரக் கூரைக்குக் கீழே எங்கள் கலவைக் கூடம்.
அந்தத் திரவத்துக்கு வாயில் நுழையாத பெயர்;
நாங்கள் பதினொன்று என்போம்.
தீப்பற்றாது, யாரையும் கடிக்காது.
விரலில் ஒரு சொட்டு விழுந்தால்
ஜில்லென்று எழுந்து போய்விடும்.
எங்கே போகிறது என்று
பன்னிரண்டு வருடம் நான் கேட்கவில்லை.

போன இடம் தெரிந்தபின்
மாற்று தேடச் சொன்னார்கள். ஒன்பது மாதம் கெடு.
நுரை தள்ள உழைத்தோம் என்பது
எங்கள் விஷயத்தில் உவமை இல்லை.

முதலில் தண்ணீர்.
தண்ணீரைவிட நல்லவர் யார்?
பொங்கி, அச்சை நிரப்பி, சிலைபோல் நின்றது.
திங்கட்கிழமை வந்து பார்த்தால்
முதுகு கூனி, விலா ஒட்டி,
பட்டினி கிடந்த நாயைப்போல் ஃபோம் பலகை.
உள்ளே அடைத்த வாயு
சுவர் தாண்டிக் கசிந்துவிட்டதாம்.
க்ளென் அதைக் குப்பையில் போடவில்லை.
அதன்மேல் தன் தேநீர்க் கோப்பையை வைத்தான்.

அப்புறம் பென்டேன்.
கூடம் முழுக்கப் பெட்ரோல் வாடை.
ஸ்டாவ்ரூலா லைட்டரைக் காரிலேயே பூட்டிவிட்டு வந்தாள்.
தீயணைப்பு அதிகாரி ஒரு சுற்றுச் சுற்றி
மின்விசிறியைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார்,
கடைசியில் எங்களைப் பார்த்தார்.
செலவுக் கணக்கைக் கேட்ட முதலாளி
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
திரும்பியவர் ஒரு வாரம் கழித்துத்தான்
எங்கள் பக்கம் பார்த்தார்: "சரி, கம்பியை மாற்றுங்கள்."

நூற்று முப்பத்தேழாம் கலவை.
பென்டேன், துளி தண்ணீர்,
ஸ்டாவ்ரூலா கை தவறிக் கூட்டிய சிலிக்கோன்.
திங்கள் வந்தது. பலகை நின்றது.
செவ்வாய். நின்றது.
வெப்பம் மட்டும்
பழையதைவிடக் கொஞ்சம் சுலபமாக ஊடுருவியது.
"இரண்டு சென்டிமீட்டர் கூட்டு" என்றான் க்ளென்.
கூட்டினோம்.
குளிரறைக் கதவு மூடவில்லை.
கீலை மாற்றினோம்.

ஒப்பிட்டுப் பார்க்கப்
பழைய பலகை ஒன்றை அறுக்கச் சொன்னார்கள்.
மார்வெல் ஊர்க் கசாப்புக் கடையிலிருந்து கழற்றி வந்தது.
ஓரத்தில் நீல மையில் என் கையெழுத்து, எண்பத்து நாலு.
வாளை வைத்தேன்.
ஊசி முனையளவு அறைகள், கோடிக்கணக்கில்,
ஒவ்வொன்றும் அன்று நான் ஊதிய மூச்சை
இன்னும் அடக்கிக்கொண்டு.
சொன்ன சொல் கேட்கும் பிள்ளைகள்.

வாளை ஆணியில் மாட்டினேன்.
பலகையைச் சுவரோடு சாய்த்தேன்.
படிவத்தில் ஒரு கட்டம்:
சோதனை நடக்காததற்குக் காரணம்.
பதினொன்று என்று எழுதிவிட்டு
வெயிலில் இறங்கி நடந்தேன்,
பிடரியைக் கையால் மூடிக்கொண்டு.