சாக்கு

கானாடுகாத்தானில் ஒரு வீடு
ஓட்டலாகிக்கொண்டிருந்தது.
இரண்டாம் கட்டு, வடக்குச் சுவர்.
மேலே சாத்தையா, பட்டி பார்த்தபடி.
கீழே நான், ஏணிக்காலைப் பிடித்தபடி.

ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழக் கூடாதென்று
ஏணிக்கு அடியில்
சாக்கு மடித்துப் போடச் சொன்னார் மேஸ்திரி.
வழுக்குமே, என்றார் சாத்தையா.
"அதான் பூமயிலு பிடிச்சிருக்குல்ல."

பதினொன்றரைக்கு அதே குரல்:
"ஏ பூமயிலு, டீய வாங்கி ஊத்து."
போனேன்.
ஆறு டம்ளர்.
மூன்றாவதை ஊற்றும்போது
சத்தம்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில்
எழுதுகிறவர் கேட்டார், எப்படி விழுந்தார்?
"பைக்குல போனவன் சார்," முந்தினார் மேஸ்திரி.
பைக்கில் போனவன் காதுக்குள்
பட்டிமாவு எப்படி வந்ததென்று
அவர் கேட்கவில்லை.
உள்ளே ஒரு டாக்டர் பொண்ணு
பாதத்தில் ஊசியால் குத்தி
தெரியுதா, தெரியுதா என்றாள்.
சாத்தையா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லில் ஒரு கீறல் இல்லை.

மேசைக்குத் திரும்பிப் போனேன்.
"பைக் இல்லைங்க, ஏணி.
பிடிச்சிருந்தது நான்.
விட்டதும் நான்தான்.
கூப்பிட்டது இவரு."

மேஸ்திரி என் பெயரைச் சொல்லி அதட்டினார்,
டீக்குக் கூப்பிட்ட அதே குரலில்.

எழுதுகிறவர் 'பைக்'கை அடித்தார்.
பூமயிலா, என்றார்.
அப்பா பேரு?