என் எண் மட்டும் போய் வந்த ஊர்

'அன்று உங்கள் பெயர்' என்றொரு கட்டம்.
ரெனே ஹெய்க்கினென் என்று எழுதிவிட்டுப்
பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
முப்பத்திரண்டு வருடம் கழித்து
அந்தப் பெயருக்கு வேலை வந்திருக்கிறது.
சம்பளச் சீட்டில் இன்னும் லிண்டால்தான்.
விவாகரத்து ஆன வருடம் மாற்றியிருக்கலாம்,
அந்த வருடம் பனி அதிகம்.

'அன்று உங்கள் முகவரி.'
சுரங்கத்துக்குப் பின்னால், மூன்றாம் தெரு, வடக்கு மினசோட்டா.
இப்போது அங்கே தெரு கிடையாது.
குழி பெருத்துப் பெருத்து
எங்கள் வீட்டுப் படி வரைக்கும் வந்தது,
பிறகு படியையும் தின்றது.
ஆனாலும் கட்டத்தைக் காலியாக விடக்கூடாதாம்.
கதவு எண்ணோடு எழுதினேன்.

'தேர்வு எழுதிய மாதம்.'
இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
பனி பெய்தது. அதை வைத்து என்ன சொல்வது,
எங்கள் பக்கம் அக்டோபரிலும் பெய்யும், மே மாதத்திலும் பெய்யும்.
அப்பாவின் பிக்கப் மூன்று தடவை செருமிக் கிளம்பியது.
பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கில் ஹீட்டர் செத்திருந்தது.
விரல் வெட்டிய கையுறையோடு
வட்டம் வட்டமாய்க் கருப்படித்தேன்.
முன்னால் டாரில் நுர்மி
நான்கு மணி நேரமும் மூக்கை உறிஞ்சினான்.
ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றபோது
பதினொரு வட்டம் பாக்கி.
கேள்விகளைப் பார்க்கவே இல்லை,
படிக்கட்டு இறங்குவது மாதிரி
ஒவ்வொன்றாய்ச் சரித்து நிரப்பிவிட்டு
பென்சிலை வைத்தேன்.

அக்டோபர் என்று போட்டேன்.

தொலைபேசியில் இருந்தவள் அன்பாகத்தான் பேசினாள்.
இவ்வளவு பழையதை வேறு கிடங்கில் தேட வேண்டும்,
ஐந்து வாரம் ஆகலாம், நாற்பத்தாறு டாலர்,
கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது.
கிடைக்காவிட்டால் நல்லது என்று
ஒரு பக்கம் எனக்குத் தோன்றியதை
அவளிடம் சொல்லவில்லை.

பனி அள்ளும் வண்டிகள் நிற்கும் கொட்டகையில் ஆர்வோ கேட்டான்,
'நாற்பத்தொன்பது வயசுல பாறையப் பத்திப் படிச்சு
என்ன பண்ணப்போற?
வருஷம் பூரா பிளேடால உரசறியே, போதாதா?'
நான் காபியை ஊதினேன்.

மூன்றாவது வாரம் கல்லூரியிலிருந்து கடிதம்.
இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு
அந்த மதிப்பெண் தேவையில்லை.
சிரமத்துக்கு வருந்துகிறோம்.

ஐந்தாவது வாரம் உறை வந்தது.
பிரிக்காமல் இரண்டு நாள்
வண்டியின் வெயில் மறைப்பில் செருகி வைத்திருந்தேன்.
அந்தத் தேர்வில் கோட்டை விட்டவள் நான்.
லிண்டாலிடம் அப்படித்தான் சொன்னேன்,
மகளிடம், வேலைக்கு எடுத்த மேற்பார்வையாளரிடம்,
கேட்காதவர்களிடமும்.

நூறு பேரை வரிசையில் நிறுத்தினால்
ஐம்பத்தெட்டுப் பேர் எனக்குப் பின்னால்.
அவ்வளவுதான்.
படிக்கட்டு இறங்கிய பதினொன்றையும் சேர்த்து.
கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் கோட்டை
விட்ட இடத்திலேயே இருந்திருக்கிறது.

கீழே, சின்ன எழுத்தில்,
'மாணவர் கேட்டுக்கொண்டபடி அனுப்பப்பட்ட இடங்கள்.'
டுலூத். சரி.
பெமிஜி. சரி, ஷீலா அங்கே போனாள்.
ஹவ்டன், மிச்சிகன். அது அப்பாவுக்காக.
நான்காவது
ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா.

சாலையோரம் வண்டியை நிறுத்தினேன்.

யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை.
எந்தப் படத்தைப் பார்த்தேன், எவர் பேச்சைக் கேட்டேன்,
எந்த ராத்திரி அந்த ஊரின் குறியீட்டு எண்ணை
புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன்,
ஒன்றும் நினைவில் இல்லை.
பதினேழு வயதில் ஒருத்தி
கையுறையோடு குனிந்து
நாலு இலக்கத்தையும் பிசகாமல் கருப்படித்திருக்கிறாள்.
விண்ணப்பம் நான் போடவே இல்லை.
என் எண் மட்டும் தனியாக அங்கே போய்
ஏதோ ஓர் இழுப்பறையில்
எனக்காகக் கொஞ்ச காலம் காத்திருந்திருக்கிறது.

வயர்லெஸ்ஸில் ஆர்வோ கூப்பிட்டான்,
ஐம்பத்து மூன்றாம் நெடுஞ்சாலை மறுபடி மூடிவிட்டதாம்.
வருகிறேன் என்றேன்.
கிளம்பும் முன் போனை எடுத்து
ஃபேர்பேங்க்ஸில் இப்போது எத்தனை டிகிரி என்று பார்த்தேன்.

எங்களைவிடக் கதகதப்பு.