ஏழுக்குப் பதில் ஒன்று

விலகல் கடிதத்தை அடித்தது நான்தான்.
தாள் ஒன்றே ஒன்று.
அடியில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது,
மேலே முழுக்க வெள்ளை.
வேட்பாளர் பட்டியலில் பெயர் சேர்த்த அன்றைக்கே
வாங்கி வைத்திருக்கிறார்கள்,
கடன்காரன் கால்பத்திரம் வாங்குவதுபோல.

"சொந்தக் காரணங்களால்" என்று மேயர் சொல்லச் சொல்ல
அடித்தேன்.
கன்னத்தில் கொக்கா இலை ஒதுக்கியிருந்தார்.
யாருடைய சொந்தம் என்று நான் கேட்கவில்லை.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
புதுப்பிக்கப்படும் வேலை என்னுடையது.
வாசல் காவலருக்கு என்னைவிட நூறு பொலிவியானோ கூடுதல்.
அவர் குடும்பஸ்தராம்.
என் இரண்டு பிள்ளைகளும்
காற்றுக்குப் பிறந்தவர்கள் போலிருக்கிறது.

அவள் நிக்கோலாசா தீக்கோனா.
ஆலங்கட்டி விழுந்து தகரக் கூரைகள் பொத்தலான வருடம்
மேட்டுத்தெரு மொத்தமும் அவளுக்கு வாக்களித்தது.
பாதி இடம் பெண்ணுக்கு என்றது சட்டம்.
பாதிக் காலம்தான் உனக்கு என்றார்கள் இவர்கள்.
மீதிக்கு செவெரோ சோக்கே,
மாற்று உறுப்பினர்,
தையற்காரரிடம் கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டார்.

கூட்டம் முடிந்த பிறகு
கூட்டம் உண்டு என்று அவளுக்குச் சொல்லியனுப்புவார்கள்.
அந்தச் சீட்டையும் நான்தான் அடிப்பேன்.
எட்டு மாதம் படிப்பணம் இல்லை.
பாலாடைக்கட்டி விற்ற காசில் லாரியேறி வருவாள்.
நாற்காலி இருக்காது.
தொப்பியைக் கழற்றாமல் சுவரோரம் நிற்பாள்,
பாவாடை மடிப்புகளில் செம்மண்ணோடு.

ஒருநாள் கேட்டாள்:
"பிரசவ அறைக்கு வந்த பணம்
கால்பந்துத் திடலில்
பிளாஸ்டிக் புல்லாக முளைத்திருக்கிறதே, எப்படி?"
ஒருவர் இருமினார்.
ஒருவர், வீட்டில் உனக்குச் சமையல் இல்லையா என்றார்.
குறிப்பேட்டில் இருமல் என்று எழுத முடியாது.
"உறுப்பினர் தீக்கோனா கருத்துத் தெரிவித்தார்"
என்று எழுதினேன்.
என்ன கருத்து என்று எழுதவில்லை.
அதற்காக இன்றும் கூசுகிறேன்.

அடுத்த வாரம்தான் அந்தத் தாள்.
அடையாள எண் ஏழு இலக்கம்.
ஐந்தாவது இலக்கத்தில் விரல் நின்றது.
ஏழு இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்று விழுந்தது.
தவறிற்று என்பேன் யார் கேட்டாலும்.
விரலைக் கேட்டால் வேறு சொல்லும்.

நகரத்துத் தேர்தல் மன்றம் திருப்பி அனுப்பியது:
எண் பொருந்தவில்லை,
அடித்தல் திருத்தல் ஏற்கப்படாது,
புதிய கையெழுத்துடன் வரவும்.
மேயர் என்னைப் பார்த்தார்.
"பழைய பொறி ஐயா, ஏழு சரியாக எழும்பாது" என்றேன்.
நிக்கோலாசாவிடம் பேனாவை நீட்டினார்கள்.
"இன்றைக்குக் கை வலிக்கிறது" என்றாள்.
மறுநாளும் வலித்தது.
பதவிக்காலம் முடியும்வரை
அந்தக் கை ஆறவே இல்லை.
வாக்கெடுப்பில் தூக்கும்போது மட்டும்
வலி தெரியவில்லை போலும்.

எனக்கு ஜூன் மாதம் புதுப்பிக்கவில்லை.
காரணம் கேட்டேன், சொல்லவில்லை.
இப்போது சந்தையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும்
செருப்பு தைப்பவருக்கும் நடுவே
வாடகைப் பொறியோடு உட்கார்ந்து
மனு அடித்துக் கொடுக்கிறேன், பக்கத்துக்கு இரண்டு காசு.
பிரசவ அறை இன்னும் வரவில்லை.
புல் மட்டும் வாடாமல் இருக்கிறது.

போன வியாழன் நிக்கோலாசா வந்தாள்,
பிரசவ அறைக்கு இன்னொரு மனு.
முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"பெயர்?" என்றேன், வழக்கப்படி.
"உன் பெயர் என்ன, முதலில் அதைச் சொல்" என்றாள்.
மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம்.
ருஃபீனா, என்றேன்.

பிறகு எண்ணைச் சொன்னாள்,
இலக்கம் இலக்கமாக.
நான்காவது சொல்லி நிறுத்தினாள்.
காத்திருந்தாள்.
நான் ஏழை அடித்தேன்.
குனிந்து பார்த்துவிட்டு
மிச்சத்தைச் சொன்னாள்.